செவியும் தோலும் கட்டும் மேடை

அர்ஜென்டினாவின் தலைநகர் புவனஸ் அயர்ஸில் ஒரு நாடக அரங்கம் இருக்கிறது. பெயர் தியாத்ரோ சியெகோ. அங்கே மேடை விளக்கு இல்லை, திரைச்சீலை இல்லை, ஒப்பனைக்கும் வேலையில்லை. நாடகம் பார்க்க வந்தவர்கள் ஒருவர் தோளில் ஒருவர் கைவைத்து, வரிசையாக, கும்மிருட்டுக்குள் நடந்து இருக்கைக்குப் போகிறார்கள். நடிப்பவர்களில் பலர் பார்வையற்றவர்கள்.

இந்த அரங்கின் புகழ்பெற்ற நாடகம் ரோபெர்தோ ஆர்ல்ட் எழுதிய ‘ஆளற்ற தீவு’. துறைமுகத்தை ஒட்டிய ஓர் அலுவலகம். ஊழியர்கள் நாள் முழுக்கத் தட்டச்சு செய்கிறார்கள். பல ஆண்டுகள் நிலவறையில் வேலை பார்த்தபோது பிசகாத கணக்கு, ஜன்னல் உள்ள மாடிக்கு வந்ததும் பிசகத் தொடங்குகிறது. வெளியே கப்பல்கள் போகின்றன. மனம் அவற்றின் பின்னே போகிறது. ஊர் ஊராகக் கடல் சுற்றிய கடைநிலை ஊழியர் ஒருவர் தூரத்துத் தீவுகளைப் பற்றிச் சொல்லச் சொல்ல, அலுவலகமே ஆட்டமும் பாட்டுமாகிறது. அப்போது மேலதிகாரி வருகிறார். எல்லோரையும் வேலையை விட்டு நீக்கிவிட்டு, ஜன்னலுக்கு மங்கல் கண்ணாடி போடச் சொல்கிறார்.

2001-இல் ஹோசே மென்சாகாவின் இயக்கத்தில் ‘ஓஹ்குரோ’ குழு இந்நாடகத்தை முழு இருட்டில் நிகழ்த்தியது. 2008-இல் தியாத்ரோ சியெகோ நிலையான அரங்கமாக உருவெடுத்தபோது இந்நாடகமே அதன் அடையாளமாகவும் ஆனது. ஒரு ஜன்னலைப் பற்றிய நாடகம், ஜன்னலைக் காட்டாமலேயே நடக்கிறது. தட்டச்சுப் பொறிகளின் படபடப்பு நான்கு பக்கமும் சூழ்ந்துகொள்கிறது. கப்பலின் ஊதல் தொலைவிலிருந்து வருகிறது. அலுவலகத்தின் நெருக்கடியும் கடலின் விரிவும் அந்த ஒலி வேறுபாட்டிலேயே விளங்கிவிடுகின்றன.

இப்படிப்பட்ட நாடகமும் நடனமும் இப்போது பல நாடுகளில் உருவாகின்றன. பார்வையற்றவர்களும் ரசிக்கும்படி ஒரு கலைக்கு வசதி செய்து தருவது நல்ல காரியம்தான். ஆனால் பார்வையற்றவர்களும் குறைபார்வை உள்ளவர்களும் உலகை அறியும் விதத்தையே அடித்தளமாக வைத்து ஒரு கலையை எழுப்புவது அதைவிடப் பெரிய காரியம். முதலாவதில் அவர்கள் விருந்தினர், இரண்டாவதில் வீட்டுக்காரர். இந்த இரண்டாம் வகைக் கலை ஏன் இத்தனை வலுவாக நம்மைத் தொடுகிறது என்பதற்கு, நம் புலன்கள் இயங்கும் விதத்திலேயே விடை இருக்கிறது.

காது அறியும் இடம்

கண் நமக்கு முன்னால் இருப்பதை மட்டுமே காட்டும். காதுக்கு முன், பின், மேல், கீழ் என்று எல்லாத் திசையும் உண்டு. ஒலி, அறை வெப்பநிலையில், நொடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர் வேகத்தில் பயணம் செய்கிறது. வலப்பக்கம் ஒருவர் பேசினால் அவர் குரல் வலக்காதை முதலில் எட்டுகிறது. தலையைச் சுற்றிக்கொண்டு இடக்காதைச் சேர இன்னும் சிறிது நேரம் ஆகிறது. அந்தச் சிறிது நேரம் அதிகபட்சம் நொடியில் பத்தாயிரத்தில் ஆறு அல்லது ஏழு பங்குதான். மூளைத்தண்டில் உள்ள நரம்பணுக்கள் அதையும் அளந்து, ஒலி வந்த திசையைச் சொல்லிவிடுகின்றன. கூர்மையான ஒலிகளைத் தலை மறைத்துக்கொள்வதால் இரு காதுகளிலும் ஒலியின் அளவும் மாறுகிறது. முன்னாலா பின்னாலா, மேலா கீழா என்பதைக் காதுமடலின் மடிப்புகள் ஒலியில் ஏற்படுத்தும் நுண்ணிய மாற்றங்கள் தெரிவிக்கின்றன.

கண் திறந்திருக்கும்போது இந்தத் திறனை நாம் பெரிதும் கண்ணிடம் ஒப்படைத்துவிடுகிறோம். தொலைக்காட்சியில் ஒலிபெருக்கி ஒரு மூலையில் இருந்தாலும், பேச்சு நடிகரின் வாயிலிருந்து வருவதாகவே தோன்றும். கண் சொல்லும் இடத்துக்குக் காது கட்டுப்பட்டுவிடுகிறது. பொம்மையைப் பேசவைக்கும் கலைஞரின் வித்தை முழுவதும் இதை நம்பித்தான் நடக்கிறது. இருட்டரங்கில் இந்தக் கட்டு அவிழ்ந்துவிடுகிறது. நடிகர் நம் முதுகுக்குப் பின்னால் நடந்தால் அவர் அங்கேதான் இருக்கிறார். வழக்கமான மேடை நமக்கு எதிரே நிற்கிறது. இந்த மேடைக்குள் நாம் உட்கார்ந்திருக்கிறோம்.

முகத்தால் உணர்வதாக எண்ணியவர்கள்

பார்வையற்றவர் சிலர், எதிரே சுவர் இருப்பதை முட்டிக்கொள்ளும் முன்பே அறிந்து நின்றுவிடுவார்கள். எப்படித் தெரிந்தது என்று கேட்டால், முகத்தில் ஏதோ அழுத்தம் போல உணர்ந்ததாகப் பலர் சொல்வார்கள். அதனால் அறிவியலாளர்களும் இதை ‘முகப் பார்வை’ என்றே நெடுநாள் அழைத்தார்கள்.

1944-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் சூப்பா, மில்டன் காட்சின், கார்ல் டாலன்பாக் மூவரும் இதைச் சோதித்தார்கள். சூப்பா பார்வையற்ற மாணவர். இந்தத் திறனைத் தன்னிடமே கண்டவர். பார்வையற்ற இருவரையும், கண் கட்டிய பார்வையுள்ள இருவரையும் ஒரு கூடத்தில் பலகையை நோக்கி நடக்க வைத்தார்கள். முதலில் முகத்தையும் தலையையும் கனமான கம்பளித் துணியால் மூடி, கைக்கு உறை போட்டார்கள். தோலில் காற்றே படாத நிலையிலும் பலகை இருப்பதைக் கண்டுகொண்டார்கள். அடுத்து முகத்தைத் திறந்துவிட்டுக் காதை அடைத்தார்கள். எல்லோரும் பலகையில் போய் முட்டிக்கொண்டார்கள்.

கடைசிச் சோதனை மிக அழகானது. நடந்தவர்களை ஒலி புகாத தனியறையில் உட்காரவைத்துக் காதொலிக் கருவியை மாட்டினார்கள். சோதனையாளர் கையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு பலகையை நோக்கி நடந்தார். அறைக்குள் இருந்தவர்கள், தங்கள் முகம் அந்தக் கூடத்திலேயே இல்லாத நிலையில், வெறும் காலடி ஓசையை வைத்துத் தடை நெருங்குவதைச் சொன்னார்கள். முகம் உணர்ந்ததாக நினைத்த வேலையைச் செய்தது காது. காலடி ஓசை பலகையில் பட்டுத் திரும்பும் எதிரொலியே செய்தி. கூர்மையான, உயர்ந்த அதிர்வெண் கொண்ட ஒலிகளே இதற்கு முக்கியம் என்பது 1950-இல் வந்த தொடர் ஆய்வில் தெரிந்தது.

பார்வை இல்லாவிட்டால் காது தானாகக் கூர்மையாகிவிடும் என்று பொதுவாகச் சொல்வதுண்டு. உண்மை இதைவிடச் சுவையானது. காது என்ற உறுப்பு மாறுவதில்லை. மூளை அதைப் பயன்படுத்தும் விதம் மாறுகிறது. சிறுவயதிலேயே பார்வை இழந்தவர்களில் சிலர், ஒரு காதை அடைத்தாலும் ஒலியின் இடத்தைப் பார்வையுள்ளவர்களைவிடச் சரியாகச் சொன்னதை 1998-இல் வந்த ஆய்வு காட்டியது. அவர்கள் பிரெய்ல் எழுத்தை விரலால் படிக்கும்போது, பார்வைக்கென ஒதுக்கப்பட்டதாகக் கருதப்பட்ட பின்மூளைப் பகுதி வேலை செய்வதை 1996-இல் நோரிஹிரோ சடாட்டோ குழுவினர் கண்டறிந்தார்கள்.

இதில் பயிற்சிக்கும் பெரும்பங்கு உண்டு. நாக்கைச் சொடுக்கி எதிரொலியால் பொருள்களை அறியும் வித்தையைப் பத்து வாரப் பயிற்சியில் பார்வையற்றவர்களும் பார்வையுள்ளவர்களும் கற்றுக்கொள்ள முடிந்ததை இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழக ஆய்வு 2021-இல் காட்டியது. ஆகவே பார்வையற்ற நடிகர் மேடையைக் கால்தடத்தாலும் எதிரொலியாலும் அறிவதை அதிசயம் என்று வியந்து நகர்ந்துவிடக் கூடாது. அது உழைத்துச் சேர்த்த அறிவு, கலையின் கச்சாப்பொருள்.

இருட்டு வேறு, பார்வையின்மை வேறு

இருட்டரங்கைப் பற்றிப் பேசும்போது ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். பார்வையின்மை என்பது நிரந்தர இருட்டு அன்று. உலக நலவாழ்வு நிறுவனத்தின் 2010-ஆம் ஆண்டு மதிப்பீட்டில் பார்வைக் குறைபாடு கொண்டவர்கள் 28.5 கோடிப் பேர். அவர்களில் பார்வையற்றவர்கள் என்று வகைப்படுத்தப்பட்டவர்கள் 3.9 கோடி, மற்ற 24.6 கோடிப் பேரும் குறைபார்வை உள்ளவர்கள். ஒருவருக்கு நடுப்பார்வை மங்கி ஓரங்கள் மட்டும் தெரியும். இன்னொருவருக்கு ஓரங்கள் மறைந்து ஒரு குழாய் வழியே பார்ப்பதுபோலத் தெரியும். சிலருக்கு ஒளியும் நிழலும் மட்டும் பிரியும். பிறவியிலேயே பார்வையற்றவரின் அனுபவம் ஐம்பது வயதில் பார்வை இழந்தவரின் அனுபவம் போன்றதன்று.

பார்வையுள்ளவரின் கண்ணைத் திடீரென்று கட்டிவிட்டால் அவருக்குக் கிடைப்பது, பார்வை இழந்த முதல் சில நிமிடங்களின் பதற்றம் மட்டுமே. பல ஆண்டுகள் வெண்கோல் பிடித்து நடந்தவரின் லாகவம் அதில் வராது. அரியல் சில்வர்மன் என்ற உளவியலாளர், அவரும் பார்வையற்றவர், சக ஆய்வாளர்களுடன் 2015-இல் இதைச் சோதித்து எழுதினார். கண்ணைக் கட்டிக்கொண்டு நடந்து பார்த்தவர்கள், பார்வையற்றவர்களால் வேலை பார்க்கவும் தனித்து வாழவும் இயலும் என்பதை மற்றவர்களைவிடக் குறைவாகவே நம்பினார்கள். பரிவை வளர்க்கச் செய்த பயிற்சி, மதிப்பைக் குறைத்துவிட்டது.

எனவே ஓர் இருட்டு நாடகத்தை எடைபோட எனக்கு ஒரே அளவுகோல்தான். அது பயமுறுத்துகிறதா, அல்லது கற்றுத்தருகிறதா? விளக்கை அணைத்துவிட்டு ரசிகரைத் தடுமாற விட்டால் அது பயமுறுத்தல். இருட்டில் கேட்கவும் தொடவும் நடக்கவும் தெரிந்தவர்கள் அந்த உலகத்தைக் கட்டி, நம்மைக் கைபிடித்து உள்ளே அழைத்துப்போனால் அது கற்றுத்தருதல். அதைச் செய்யப் பார்வையற்ற கலைஞர்கள் படைப்பின் தலைமையில் இருந்தாக வேண்டும்.

கைக்குள் திரும்பும் வழிகாட்டி

இங்கிலாந்தின் ‘எக்ஸ்டன்ட்’ நாடகக் குழு 1997 முதல் இயங்குகிறது. பார்வைக் குறைபாடு கொண்ட கலைஞர்களே தலைமை தாங்கும் குழு இது. இதன் நீண்டகாலக் கலை இயக்குநர் மரியா ஓஷோடியும் பார்வையற்றவர். 2015-இல் தெற்கு லண்டனில், பழைய தேவாலயமாக இருந்த ஒரு கூடத்தில், இக்குழு ‘ஃபிளாட்லேண்ட்’ என்ற படைப்பை நிகழ்த்தியது.

அதன் மூலம் எட்வின் ஆபட் 1884-இல் எழுதிய கதை. நீளமும் அகலமும் மட்டுமே உள்ள ஒரு தட்டையுலகில் முக்கோணங்களும் சதுரங்களும் வாழ்கின்றன. தட்டையுலகில் எதைப் பார்த்தாலும் ஒரு கோடாகவே தெரியும். அதனால் எதிரே நிற்பவர் யார் என்பதை அங்குள்ளவர்கள் குரலைக் கேட்டும், தொட்டு மூலைகளை உணர்ந்தும் அறிகிறார்கள். பார்வையற்றவர்களின் குழு இந்தக் கதையைத் தேர்ந்தெடுத்ததன் பொருத்தம் இதிலிருந்தே விளங்கும்.

கூடம் இருட்டில் கிடந்தது. பார்வையுள்ளவர்களும் இல்லாதவர்களும் சிறு குழுவாக உள்ளே நடந்து, கதையின் ஒவ்வொரு இடத்தையும் தாங்களே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். அதற்காக ஒவ்வொருவர் கையிலும் ‘அனிமோட்டஸ்’ என்ற கருவி தரப்பட்டது. பொறியாளர் ஆடம் ஸ்பையர்ஸ் வடிவமைத்து, முப்பரிமாண அச்சு முறையில் செய்தது அது. உள்ளங்கையில் அடங்கும் பெட்டி. இரண்டு பாதிகளாகப் பிரிந்திருக்கும். போகவேண்டிய இடம் இடப்பக்கம் இருந்தால் மேல்பாதி இடப்பக்கம் திரும்பும். அந்தப் பக்கம் உடம்பைத் திருப்பினால் பெட்டி மறுபடி நேராகிவிடும். போகவேண்டிய தூரம் அதிகம் என்றால் மேல்பாதி முன்னோக்கி நீளும். நெருங்க நெருங்க உள்ளே வரும். நடப்பவர் கூடத்தில் எங்கே நிற்கிறார் என்பதைக் கருவி வானொலி அலைகள் மூலம் அறிந்துகொண்டே இருக்கும்.

செல்பேசி போல அதிரும் கருவியையோ, ‘இடப்பக்கம் திரும்பு’ என்று பேசும் கருவியையோ செய்திருக்கலாமே? இங்கேதான் பார்வையற்றவரின் அனுபவம் வடிவமைப்பைத் தீர்மானித்தது. தெருவில் நடக்கும் பார்வையற்றவருக்குக் காது மிக முக்கியம். அந்தக் காதில் ஓயாமல் பேசும் கருவி, வண்டிச் சத்தத்தையும் மனிதக் குரலையும் மறைத்துவிடும். நாடகத்திலும் காது கதையைக் கேட்கவேண்டும். அதிர்வோ எச்சரிக்கை மணி போல ஒவ்வொரு முறையும் கவனத்தைக் கலைக்கும். சத்தமே இல்லாமல் வடிவம் மாறும் பொருள் கையில் இருந்தால், காது முழுவதும் கதைக்குச் சொந்தம். விரல்நுனித் தோல் ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர் இடைவெளியில் வைத்த இரு புள்ளிகளைத் தனித்தனியாக உணரும். முதுகுத் தோலுக்கு அந்த இடைவெளி நான்கு சென்டிமீட்டர் வரை வேண்டியிருக்கும். அத்தனை நுட்பமான உறுப்புக்குச் சின்னத் திருப்பமே போதுமான செய்தி.

மணமும் அதிர்வும்

இஸ்ரேலின் யாஃபா துறைமுகத்தில் இயங்கிய ‘நலகாத்’ குழுவின் நடிகர்களுக்குப் பார்வையோடு கேட்கும் திறனும் இல்லை, அல்லது மிகக் குறைவு. பெரும்பாலோருக்கு அஷர் நோய்க்குறி என்ற மரபணுக் கோளாறு. செவித்திறன் பாதிப்போடு பிறந்து, வளர வளர விழித்திரையும் நலிகிறது. 2007 இறுதியில், இயக்குநர் அடினா தாலுடன் சேர்ந்து இவர்கள் அரங்கேற்றிய நாடகத்தில் எல்லோரும் மேடையில் மாவு பிசைகிறார்கள். பிசைந்த மாவு அடுப்புக்குள் போகிறது. அது வேகும் நேரத்தில் ஒவ்வொருவரும் தங்கள் நினைவையும் கனவையும் நடித்துக் காட்டுகிறார்கள். முடிவில் ரசிகர்கள் மேடையேறி, நடிகர்களோடு சேர்ந்து அந்த ரொட்டியைச் சாப்பிடுகிறார்கள். காட்சி மாறுவதை நடிகர்களுக்குத் தெரிவிப்பது முரசு. அதன் ஒலி அவர்களுக்குக் கேட்காது. அதிர்வு உடலில் படும்.

மணத்தைக் கலையில் பயன்படுத்துவது எளிதன்று. 1960-இல் அமெரிக்கத் திரையரங்கில் காட்சிக்குக் காட்சி மணத்தைக் குழாய் வழியே செலுத்திப் பார்த்தார்கள், தோற்றுப்போனது. காரணம், மணம் என்பது காற்றில் மிதக்கும் மூலக்கூறு. ஒளியைப் போல நினைத்த நொடியில் போடவும் அணைக்கவும் முடியாது. ஒரு காட்சியின் மணம் அடுத்த காட்சியில் தங்கிவிடும்.

நலகாத் நாடகம் மணத்தின் இந்த மந்தமான இயல்பையே பலமாக்கிக்கொண்டது. ரொட்டி வேகச் சிறிது சிறிதாக மணம் வருகிறது. அரங்கின் கடைசி வரிசையில் இருப்பவருக்கும் நேரம் நகர்வதை மூக்கு சொல்கிறது. மேல்பரப்பு சிவக்கும் சூட்டில் மாவின் சர்க்கரையும் அமினோ அமிலங்களும் வினைபுரிந்து பல மணப்பொருள்களை உண்டாக்குகின்றன. அவற்றில் முக்கியமான ஒன்றுதான் பாஸ்மதி அரிசிக்கும், இலங்கைச் சமையலில் போடும் ரம்பை இலைக்கும் தனி மணத்தைத் தருகிறது. மற்றப் புலன்களின் செய்திகள் தலாமசு என்ற இடைநிலையம் வழியாகப் பெருமூளைக்குப் போக, மணம் அந்த நிலையத்தைக் கடக்காமல் உணர்ச்சிக்கும் நினைவுக்கும் உரிய பகுதிகளை நேரடியாகத் தொடுகிறது. ஒரு மணம் மறந்துபோன வீட்டையும் மனிதரையும் சட்டென்று கொண்டுவந்து நிறுத்துவதற்கு இந்தக் குறுக்குவழியும் ஒரு காரணம்.

ஆடும் உடலின் அறிவு

நாடகத்துக்குக் குரல் இருக்கிறது. நடனம் முழுக்க முழுக்கக் கண்ணுக்கானது என்று நினைப்பவர்கள் அதிகம். ஆடுகிறவரின் பக்கத்திலிருந்து யோசித்தால் அந்த நினைப்பு நிற்காது.

கியூபாவின் அலிசியா அலோன்சோ, இருபதாம் நூற்றாண்டின் மாபெரும் பாலே கலைஞர்களுள் ஒருவர். இருபது வயதை ஒட்டி அவருக்கு விழித்திரை பிரிந்தது. அடுத்தடுத்து அறுவை சிகிச்சைகள். ஓராண்டுக் காலம் தலையைக்கூட அசைக்காமல் படுக்கையில் கிடக்கவேண்டும் என்றார்கள் மருத்துவர்கள். அந்தப் படுக்கையில் அவர் ‘ஜிசெல்’ பாலேயின் முதன்மைப் பாத்திரத்தைக் கற்றார். கணவர் பெர்னாந்தோ அடவுகளை விரல்களால் செய்துகாட்ட, அலிசியா போர்வையின் மேல் தன் விரல்களைக் கால்களாக்கி ஆடினார். 1943-இல் நியூயார்க்கில் அதே பாத்திரத்தை மேடையில் ஆடினார். பிறகு பல பத்தாண்டுகள் குறைந்த பார்வையோடுதான் அவர் ஆடினார். கூசும் வண்ண விளக்குகள் எங்கே இருக்கின்றன என்பதை வைத்து மேடையின் திசையை அறிந்தார். உடன் ஆடுபவர்கள் குறித்த நொடியில் குறித்த இடத்தில் நிற்கவேண்டும் என்பதில் கண்டிப்பாக இருந்தார்.

விரலில் கற்றது காலுக்கு எப்படிப் போனது? கண்ணை மூடிக்கொண்டாலும் நம் கை எங்கே, முழங்கால் எவ்வளவு மடங்கியிருக்கிறது என்று நமக்குத் தெரியும். தசைகளுக்குள் பொதிந்திருக்கும் நுண்ணிய உணரிகள் ஒவ்வொரு தசையின் நீட்சியையும், தசைநாண்களில் உள்ளவை இழுவிசையையும் அளந்து மூளைக்கு அனுப்பியபடி இருக்கின்றன. உட்காதின் அரைவட்டக் குழாய்கள் தலையின் சுழற்சியைச் சொல்கின்றன. உள்ளங்கால் தோல் உடல் எடை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைச் சொல்கிறது. ஆடுபவர் தன் ஆட்டத்தை அறிவது பெரிதும் இந்த உட்புலன்களால்தான். அமெரிக்காவின் பார்வையற்ற நடனக் கலைஞர் கிருஷ்ணா வாஷ்பர்ன் நடத்தும் ‘டார்க் ரூம் பாலே’ வகுப்பில் ‘என்னைப் பார்த்துச் செய்’ என்பதே கிடையாது. எந்த எலும்பு எங்கே நகர்கிறது, எந்தத் தசை வேலை செய்கிறது என்று உடற்கூற்றின் வழியே சொல்லித் தருகிறார்.

பரதநாட்டியத்தில் கண்ணை நம்பாத கற்றலுக்கு இடம் இன்னும் விரிவானது. பெங்களூரின் ரமண மகரிஷி பார்வையற்றோர் அகாடமியில் பயின்றவர்கள் பரதம் ஆடி வெளிநாட்டு மேடைகள் வரை சென்றிருக்கிறார்கள். அங்கே ஆசிரியரின் அரைமண்டியையும் கைமுத்திரையையும் மாணவர் தொட்டு அறிகிறார். மாணவரின் கைகால்களை ஆசிரியர் தொட்டுத் திருத்துகிறார். ஆனால் பரதத்தின் பாதி, தொடுவதற்கு முன்பே காதில் விழுந்துவிடுகிறது. முழுப்பாதம் தரையில் அறைவதற்கு ஓர் ஓசை, குதிகால் ஊன்றுவதற்கு இன்னோர் ஓசை, நுனிக்காலில் குதித்து இறங்குவதற்கு வேறோர் ஓசை. தட்டடவும் நாட்டடவும் குதித்து மெட்டடவும் தத்தம் சொற்கட்டோடுதான் பிறக்கின்றன. நட்டுவனாரின் தட்டுக்கழி கேட்டால் காலம் தெரியும். சலங்கை கேட்டால் ஆடுபவர் எந்தப் பக்கம் நகர்ந்தார் என்றும் தெரியும்.

முகபாவம் என்ன ஆகும் என்று கேட்பார்கள். 2004-ஆம் ஆண்டு ஏதென்ஸ் பாராலிம்பிக் ஜூடோ போட்டிகளில் வென்ற, தோற்ற நொடியில் பார்வையற்ற வீரர்களின் முகங்களை டேவிட் மாட்சுமோட்டோ குழுவினர் ஆராய்ந்தார்கள். பிறவியிலேயே பார்வையற்றவர்களும், அதாவது இன்னொருவர் முகத்தை ஒருபோதும் பார்த்திராதவர்களும், பார்வையுள்ள வீரர்களைப் போலவே அதே முகத் தசைகளை அசைத்து மகிழ்ச்சியையும் துயரையும் வெளிப்படுத்தியிருந்தார்கள். உணர்ச்சி முகத்தில் தானாக எழுவது பிறவியிலேயே வந்தது. அதை ஒன்பது ரசங்களாக வகுத்து, நினைத்தபோது வரவழைப்பதுதான் கற்கவேண்டிய கலை. அந்தப் பயிற்சி பார்வையுள்ள மாணவருக்கும் உண்டு.

சொல்லில் ஆடும் நடனம்

சரி, கேட்கும் ரசிகருக்கு நடனத்தை எப்படிக் கொண்டுசேர்ப்பது? 1981-இல் வாஷிங்டனின் அரீனா ஸ்டேஜ் அரங்கில், பார்வையற்றவரான மார்கரெட்டும் பின்னாளில் அவருடைய கணவரான கோடி ஃபான்ஸ்டீலும் குரல் விவரிப்பு முறையைத் தொடங்கினார்கள். வசனங்களின் இடைவெளியில் மேடையில் நடப்பதை ஒருவர் விவரிக்க, தேவைப்படுபவர் காதுக்கருவியில் கேட்பார். கண்ணால் கண்டதை மட்டும் சொல், கருத்தைக் கலக்காதே என்பது அந்த முறையின் விதி. நாடகத்துக்கு அது பெரும் உதவி. நடனத்தில் அது திணறுகிறது. ஒரு நொடியில் உடல் செய்வதைச் சொல்லப் பத்து நொடி ஆகிறது. ‘வலக்கையை உயர்த்துகிறார்’ என்பது தகவல். அதில் ஆட்டம் இல்லை.

புதிய தலைமுறை இங்கே வேறு வழி பிடித்திருக்கிறது. அமெரிக்காவின் ‘கைனடிக் லைட்’ நடனக் குழுவுக்காக லாரல் லாசன் உருவாக்கிய ஆடிமான்ஸ் செயலியில் பல ஒலித்தடங்கள் உண்டு. ஒன்றில் அசைவின் விவரணை, ஒன்றில் கவிதை, ஒன்றில் ஆடுபவரின் உடலோசைகள் என, கேட்பவர் விரும்பியதற்கு மாறிக்கொள்ளலாம். பார்வையுள்ளவர் மேடையில் விரும்பிய மூலைக்குக் கண்ணைத் திருப்பும் உரிமை இது. டொரான்டோவின் பார்வையற்ற எழுத்தாளரும் நடிகருமான டெவன் ஹீலி, 2025-இல் அங்கே அரங்கேறிய ‘ரெயின்போ ஆன் மார்ஸ்’ நாடகத்தில் விவரிப்பைப் படைப்பின் உள்ளேயே நெய்தார். வெளியிலிருந்து காணும் கண்ணின் குரலாக இல்லாமல், ஆடும் உடலின் உள்ளிருந்து எழும் குரலாக அது எல்லோர் காதிலும் விழுந்தது.

உடலை உள்ளிருந்து விவரிப்பது ஏன் பலிக்கிறது என்பதற்கு மூளை ஆய்வுகளில் குறிப்புகள் உண்டு. ‘உதை’ போன்ற வினைச்சொல்லைப் படித்தாலே காலை அசைக்கும் மூளைப் பகுதி விழிப்பதை 2004-இல் கண்டார்கள். பாலே கலைஞர்கள் தாங்கள் பயின்ற பாலேயைக் காணும்போது, பழகாத ஆட்டத்தைக் காண்பதைவிட அவர்களுடைய இயக்கப் பகுதிகள் கூடுதலாக வேலை செய்வதை 2005-இல் கண்டார்கள். 2009-இல் இத்தாலிய ஆய்வாளர்கள், பிறவியிலேயே பார்வையற்றவர்களுக்குச் சுத்தியலடிப்பது போன்ற செயல்களின் ஓசையைக் கேட்கவைத்தார்கள். பார்வையுள்ளவர்களிடம் பிறர் செயலைப் புரிந்துகொள்ளத் துணைநிற்கும் அதே நரம்பு வலைப்பின்னல் அவர்களிடமும் இயங்கியது. பிறர் அசைவைப் புரிந்துகொள்வது கண்ணோடு முடிவதில்லை. நம் உடலின் அனுபவமும் சேர்ந்தே அதைப் புரிந்துகொள்கிறது. அந்த அனுபவத்தை ஓசையாலும் சொல்லாலும் எழுப்ப முடியும்.

தமிழ் ரசிகர்களுக்கு இதில் அந்நியம் எதுவும் இல்லை. தெருக்கூத்தில் ஒரு பாத்திரம் திரைக்குப் பின்னாலிருந்தே தன் பெயரையும் பெருமையையும் கோலத்தையும் பாடி அறிவித்துவிட்டுத்தான் வெளியே வருகிறது. கட்டியங்காரன் யாரென்று கேட்கிறான். வேஷக்காரர் பதில் பாடுகிறார். விவரிப்பு ஆட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. அது ஊருக்கே பொது. இன்று உலக அரங்குகள் புதிதாகத் தேடும் ஒரு முறையின் பழகிய வடிவம் நம் ஊர்க் களத்தில் விடிய விடிய நடந்துகொண்டிருக்கிறது.

முதல் நாளிலிருந்தே

இந்தியாவில் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் சுமார் 50 லட்சம் பேர். பண்பாட்டு வாழ்வில் மற்றவர்களுக்குச் சமமாகப் பங்கேற்பது மாற்றுத்திறனாளிகளின் உரிமை என்று 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்கிறது. ஆனால் பங்கேற்பு என்றதும் நம் சபாக்களும் நாடகக் குழுக்களும் நினைப்பது ஓர் இலவச நுழைவுச்சீட்டையும் முன்வரிசை நாற்காலியையும்தான்.

செலவில்லாமல் இன்றே தொடங்கக்கூடியவை பல உண்டு. நிகழ்ச்சிக்கு முன் பார்வையற்ற ரசிகர்களை மேடைக்கு அழைத்து, ஆடையையும் அணிகலனையும் மேடைப் பொருள்களையும் தொட்டுப் பார்க்கவிடலாம். ஆடுபவர் தன் கோலத்தைத் தன் குரலிலேயே சொல்லலாம். சலங்கையும் பாத ஓசையும் ஒலிபெருக்கியில் மூழ்கிப்போகாமல் பார்த்துக்கொள்ளலாம். இவற்றைவிட முக்கியமானது, படைப்பின் முதல் ஒத்திகை நாளிலேயே பார்வையற்ற கலைஞர் ஒருவர் ஊதியத்தோடும் முடிவெடுக்கும் உரிமையோடும் அந்த அறையில் இருப்பது. எக்ஸ்டன்ட் குழுவின் கைக்கருவி பேசாமல் இருந்ததும், வாஷ்பர்னின் வகுப்பு கண்ணை நம்பாததும் கடைசி நேரத்தில் ஒட்டவைத்த வசதிகளால் வந்தவை அல்ல. யார் தொடக்கத்தில் இருந்தார்கள் என்பதால் வந்தவை.

அப்படி உருவாகும் கலை எல்லோருக்குமானது. கண் நம் கவனத்தின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்வதால், மற்றப் புலன்களில் நாம் பெரும்பாலும் அரைகுறைக் கல்வியோடு வாழ்கிறோம். அந்தப் புலன்களில் தேர்ச்சி பெற்றவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்கு மேடையைக் கொடுப்பதை உதவி என்று எண்ணவேண்டாம். கற்றுக்கொள்ள வேண்டியவர்கள் நாம், ஆசிரியர்கள் அவர்கள்.